துணைக்குப் போனவன் நோயாளியான கதை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். என் எழுத்தை நீங்கள் படித்திருக்கலாம். ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’, ‘படியில் நிற்காதீர்’ எல்லாம் நான் எழுதியவைதான். அதற்கு மேல் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எங்கள் தெரு நூலகத்தின் ஆண்டு மலருக்கு, மலேசியா போய்வந்ததைப் பற்றி எழுதித் தரும்படி நூலகர் அம்மா மூன்று முறை கேட்டுவிட்டார். முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். முடியாது என்று சொல்லத் தெரியாததால் எனக்கு என்னவெல்லாம் வந்து சேர்கிறது என்பது கீழே தெரியும்.

என் அக்கா கல்யாணமாகி மலேசியா போய் இருபத்து நாலு வருஷம் ஆகிறது. கிள்ளான் பக்கத்தில், துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் வீடு. மச்சான் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள் தர்ஷினி. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மதிப்பெண் இருந்தது. ஆனால் அங்கே மதிப்பெண் மட்டும் போதாது, நேர்காணல் உண்டு. போன வருஷம் நேர்காணலில் இடம் கிடைக்காமல் போனது. இந்த வருஷமும் கிடைக்காவிட்டால் துறைமுகக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிடுவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவளே எனக்குப் போன் செய்தாள். “மாமா, இன்டர்வியூக்குத் துணைக்கு நீங்க வரணும்.”

“நானா? உங்க அம்மா இருக்காளே?”

“போன வருஷம் அம்மாதான் வந்தாங்க. வாசல்லயே அழுதுட்டாங்க மாமா. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நான் உள்ள போயி கேள்வியக்கூட ஒழுங்கா படிக்கல. அப்பா வந்தா வாசல் செக்யூரிட்டி கார்டுலேந்து டாக்டர் வரைக்கும் அட்வைஸ் பண்ணுவாரு. நீங்கதான் வாயே தொறக்க மாட்டீங்க.”

என் கூச்சத்துக்காக என்னை ஒருவர் தேர்ந்தெடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாஸ்போர்ட் எடுத்தேன்.

விமானம் இறங்கியது காலையில். மச்சான் துறைமுகத்தின் பச்சை மஞ்சள் சட்டையோடு வந்து நின்றார். சாலை அகலம், இருபுறமும் செம்பனை மரங்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரே ஒரு ஹார்ன் சத்தம் கேட்டேன். அதையும் மச்சான்தான் அடித்தார். நான் வழியெல்லாம் பஸ்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றிலும் கையால் எழுதிய எழுத்து இல்லை, எல்லாம் ஒட்டியது. இந்த ஊரில் பிறந்திருந்தால் பட்டினிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியில் ஒரு கடையில் நிறுத்தினார். “பாஸ், ரொட்டி சானாய் நாலு, தே தாரிக் ரெண்டு. சீனி கொறச்சுப் போடுங்க.” ரொட்டி சானாய் என்பது நம் பரோட்டாவுக்குத் தம்பி முறை வேண்டும். மெல்லியது, பதவிசானது. கூட வருவது சால்னா இல்லை, பருப்புக் குழம்பு. பருப்பைத் தொட்டுப் பரோட்டா சாப்பிடுவதா என்று முதலில் தயங்கினேன். பிறகு நாலில் மூன்றை நானே சாப்பிட்டுவிட்டேன். தே தாரிக் நம் ஆற்றின டீதான், ஆனால் தொண்டையில் இறங்க அவசரப்படுவதில்லை.

வீட்டு வாசலில் அக்கா நின்றாள். கட்டிக்கொண்டு அழுதாள். “பாத்தீங்களா மாமா?” என்றாள் தர்ஷினி, பின்னால் நின்று.

மறுநாள் எழுந்தபோது வீட்டில் எல்லாக் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. குளியலறைக் கதவில்கூட. விஷயம் இதுதான். அந்த நேர்காணலில் ஒரு மேஜைக்குப் பின்னால் நாலு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பதில்லை. ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறைக் கதவிலும் ஒரு கேள்வி ஒட்டியிருக்கும். வெளியே நின்று இரண்டு நிமிடம் படிக்க வேண்டும். மணி அடித்ததும் உள்ளே போய் ஏழு நிமிடம் பேச வேண்டும். மறுபடி மணி அடித்தால் பேச்சுப் பாதியில் இருந்தாலும் எழுந்து அடுத்த கதவுக்கு நகர வேண்டும். ஓர் அறையில் கேள்வி கேட்பார்கள், இன்னோர் அறையில் நோயாளி போல நடிக்க ஓர் ஆளை உட்கார வைத்திருப்பார்கள். அவரிடம் எப்படிப் பேசுகிறாள் என்று ஒரு டாக்டர் மூலையில் இருந்து பார்த்து மார்க் போடுவார்.

அந்த வீட்டில் மூன்று வாரமாக இந்தப் பயிற்சிதான் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமி ஆன்டி பூஜை மணியோடு வந்துவிட்டார். மணி அடிப்பதும் அவரே, முதல் அறையில் கேள்வி கேட்பதும் அவரே. முதல் அறை என்பது குளியலறை. பிளாஸ்டிக் முக்காலி போட்டுக் கம்பீரமாக உட்கார்ந்துகொண்டார்.

“ஏன் டாக்டர் ஆகணும்? சொல்லு. சேவை செய்யணும்னு சொல்லு.”

“ஆன்டி, அந்த வார்த்தைய சொன்னாலே மார்க் போயிடும். எல்லாப் பிள்ளைங்களும் அதையேதான் சொல்வாங்க.”

“அப்ப என்னதான் லா சொல்லுவே? சம்பாதிக்கணும்னா?” அந்த ஊரில் எந்தப் பேச்சிலும் ஒரு ‘லா’ வந்து ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது அறை, சாமான்கள் வைக்கும் அறை. அங்கே மச்சான். புகை பிடித்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவருக்கும் மற்றவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தேவைப்பட்டால் யாருக்கு முதலில் கொடுப்பது என்பது கேள்வி. மச்சான் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவர். தர்ஷினி பதில் சொல்ல ஆரம்பிக்குமுன் அவரே வாதாட ஆரம்பித்து, ஏழு நிமிடமும் அவரே பேசி, மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது அறை கூடம். சோபாவில் நான். நோயாளி.

“மாமா, நீங்க மூணு மணி நேரமா கிளினிக்ல காத்துக்கிட்டு இருக்கீங்க. செம கோபம். என்னைத் திட்டணும்.”

மணி அடித்தது. அவள் எதிரில் வந்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, தன் பெயரைச் சொன்னாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் என்ன சிரமம் என்று கேட்டாள். நான் ஒன்றுமில்லை என்றேன். ரொம்ப நேரம் காத்திருந்தீர்களா என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

“மாமா! கோபம்!”

“வரலையேம்மா.”

“நீங்க யார்கிட்டயும் கோபப்பட்டதே இல்லையா?”

யோசித்துப் பார்த்தேன். ஒரு முறை ஒரு பஸ் முதலாளி, ஈரம் காயாத எழுத்தில் கையை வைத்தார். அன்றுகூட மனசுக்குள்தான். இரண்டு நாளில் பதினேழு தடவை நோயாளியாக உட்கார்ந்தேன். பதினேழு தடவையும் எனக்கு ஒன்றுமில்லை, பரவாயில்லை. “பேஷண்ட், சாப்பிட வாங்க” என்று அக்கா கூப்பிடும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள் தர்ஷினிக்குக் கறுப்புக் காலணி வாங்க இருவரும் கோலாலம்பூரில் தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் போனோம். கிள்ளானில் ரயில் ஏறினோம். ரயில் அத்தனை சுத்தம், அத்தனை குளிர். எனக்கு உட்கார இடமும் கிடைத்தது. தர்ஷினி கேள்விகள் எழுதிய அட்டைகளை எடுத்து மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள். இரண்டு நிலையம் தாண்டியதும் பார்க்கிறேன், சுற்றிலும் பெண்கள். எதிரில் இருந்த பள்ளிக்கூட டீச்சர் போன்ற ஓர் அம்மா என்னையும், எனக்கு மேலே ஒட்டியிருந்த இளஞ்சிவப்புப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணே, இது பொம்பளைங்க பெட்டி.”

நான் எழுந்த வேகத்தில் தலை கைப்பிடியில் இடித்தது. அடுத்த பெட்டிக்குப் போகும் வழியில் ஒரு பெட்டி முழுக்கப் பெண்களைக் கடந்து, ஒவ்வொருவரிடமும் ‘சாரி’ சொல்லிக்கொண்டே போனேன். தர்ஷினி அட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். இறங்கியதும் கேட்டாள், “தெரியாமதான ஏறினீங்க, ஒரு சாரி போதாதா மாமா?”

பிரிக்பீல்ட்ஸ் போனதும் ஊருக்கு வந்துவிட்டது போல இருந்தது. மல்லிகைப் பூவும் வெற்றிலையும் விற்கிறார்கள். கடைப்பலகைகள் தமிழில். ஆனால் சாலையைக் கடக்க விளக்குக்குக் காத்து நிற்கிறார்கள். வண்டியே இல்லாதபோதும் நிற்கிறார்கள். நான் பாதி சாலையில் தனியாக நின்று, வெட்கப்பட்டுத் திரும்பி வந்தேன். காலணிக் கடைக்காரர், இன்டர்வியூவுக்கு என்று தெரிந்ததும் குதிகால் உயரம் இல்லாத ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். “ஆறு கதவுக்கு நடக்கணும்ல? சத்தம் வரக்கூடாது. போன வருஷம் ஒரு பொண்ணு டொக்கு டொக்குனு போயி அதுவே பயந்துடுச்சாம்.” இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டோம். நம் ஊர்ச் சாப்பாடுதான், ஆனால் பொரித்த பாகற்காய்க்கு மட்டும் நான் தனியாக ஒரு கும்பிடு போட வேண்டும். வறுவல் மொறுமொறுவென்று, கசப்பு இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. சாப்பிட்டு முடிந்து இலையை மடிக்கும்போது தர்ஷினி மெதுவாகக் கேட்டாள். “மாமா, நாளைக்கு எனக்குக் கெடைக்கலன்னா, நீங்க வீட்டுல சொல்லிடறீங்களா? அம்மாகிட்ட நான் சொல்ல முடியாது.”

அதுவரை அவள் பயந்து நான் பார்க்கவில்லை. சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

நான்காம் நாள்தான் நேர்காணல். கோலாலம்பூரில் ஒரு மருத்துவக் கல்லூரி, பெயர் வேண்டாம். காலை ஏழரைக்கே போய்விட்டோம். மச்சான் வாசலில் இறக்கிவிட்டு, கார்டிடம் வண்டி நிறுத்தும் முறையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, தர்ஷினி பார்த்த பார்வையில் கிளம்பிப் போனார்.

பெரிய கூடம். பிள்ளைகள் எல்லாம் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை அல்லது பாவாடை. மலாய், சீனம், தமிழ் எல்லாம் கலந்து, எல்லோரும் ஒரே பயத்தில் இருந்தார்கள். பெற்றோர்கள் பக்கத்தில் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்தார்கள். கைபேசிகளை வாங்கிப் பையில் போட்டுக் கட்டினார்கள். எண் ஒட்டினார்கள். தர்ஷினி உள்ளே போகும்முன் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பேசாமல் தலையாட்டினேன். வாயைத் திறக்காததற்கு நன்றி என்பது போலச் சிரித்துவிட்டுப் போனாள்.

பெற்றோருக்கு ஒரு பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருந்ததால், நான் எதிர்ப்பக்கம் காலியாக இருந்த வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கையில் பட்டியலோடு ஒரு மலாய்ப் பெண் வேகமாக வந்தாள். தலைத்துணியில் வியர்வை.

“அங்கிள், பேஷண்ட்?”

இந்த இடத்தில் என் மூளை எப்படி ஓடியது என்பதை உள்ளபடியே சொல்கிறேன். நம் ஊரில் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போனால் வண்டியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். என் மனைவி அழகுக்கலைப் பரீட்சை எழுதியபோது, அலங்காரம் செய்ய ஓர் ஆளை அவளே கூட்டிப்போனாள். அதுபோல இங்கேயும் அவரவர் நோயாளியை அவரவர் கொண்டுவர வேண்டும்போல, அதனால்தான் இரண்டு நாளாக என்னை உட்கார வைத்துப் பழக்கியிருக்கிறாள், துணைக்கு என்று கூப்பிட்டதுகூட இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது. எல்லாம் பளிச்சென்று பொருந்தியது.

“யெஸ்,” என்றேன். “பேஷண்ட்.”

பச்சைக் கயிற்றில் ‘பேஷண்ட் 4’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டினாள். ஒரு தாளை நீட்டினாள். இங்கே பார்ப்பதையும் கேட்பதையும் வெளியே சொல்லமாட்டேன் என்ற உறுதிமொழி என்று சைகையில் காட்டினாள். தமிழில் கையெழுத்துப் போட்டேன். நல்ல கையெழுத்து, அதைப் பார்த்து அவளே சிரித்தாள்.

நீண்ட நடைவழி. ஆறு கதவுகள். நான்காவது அறையில் என்னை உட்கார வைத்தாள். மூலையில் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு சீன டாக்டர் அம்மா இருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார். நான் என்ன நோயாளி, எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிய தாளைக் கொடுத்தார். ஆங்கில எழுத்துகளை நான் பிசகில்லாமல் வரைவேனே தவிர, படித்தால் பாதிதான் புரியும். புரிந்த பாதியை இங்கே எழுதமாட்டேன், கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முதல் மணி அடித்தது. கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தேன். என் கதவுக்கு முன்னால் தர்ஷினி இல்லை. ஒரு சீனப் பையன் நின்று கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. கையைக் கால்சட்டையில் தேய்த்தான். தர்ஷினி அவனுக்குப் பக்கத்தில், மூன்றாவது கதவில் நின்றாள்.

அப்போதுதான் புரிந்தது. அவரவர் நோயாளி என்றெல்லாம் ஒன்றுமில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் நான்தான் நோயாளி. இவன் முடித்துப் போனதும் அடுத்த மணிக்கு இந்தக் கதவைத் திறந்துகொண்டு தர்ஷினி வருவாள்.

ஒரு நிமிடம் உண்மையிலேயே யோசித்தேன். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? யாருக்கும் தெரியாது. முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்து மிரளும் இடத்தில் அவள் மாமாவைப் பார்ப்பாள். பதினேழு தடவை பழகிய நோயாளி. எனக்கும் பேசாமல் இருப்பதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. ஆனால் அந்தப் பையனின் கை இன்னும் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தது. அவனுக்கு எந்த அறையிலும் மாமா இல்லை.

எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் செய்வது போலக் கையைத் தூக்கினேன்.

“டாக்டர். தேர்ட் டோர் கேர்ள்... மை சிஸ்டர் டாட்டர்.”

அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“ஐ நாட் யுவர் பேஷண்ட். ஐ கம்மிங் ஃப்ரம் கரூர்.”

கரூர் என்பதில் அவர் எதைப் புரிந்துகொண்டாரோ தெரியாது, சட்டென்று எழுந்து கதவைத் திறந்து, மணி அடிக்கும் ஆளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நடைவழியில் ஆறு பிள்ளைகளும் அசையாமல் கதவைப் பார்த்தபடி நின்றார்கள், திரும்பக் கூடாது என்று விதி. பின்வழியாக என்னை வெளியே கூட்டிப்போகும்போது எதிரில் தொப்பையும் மீசையுமாக ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

“நான்தான் பேஷண்ட் நாலு! தோசை வர லேட்டாயிடுச்சு!”

அவர் பெயர் மணியம். செந்தூல்காரர், ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கழுத்துக்கு என் பச்சைக் கயிறு போனது. இரண்டாம் மணி அடித்தது.

என்னை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். காபி, பிஸ்கட், வாழை இலையில் மடித்த நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு எல்லாம் இருந்தன. நடிக்க வருகிறவர்கள் ஓய்வெடுக்கும் அறை. ஒரு மலாய் அதிகாரி வந்தார். முதலில் குடியுங்கள் என்று காபியைத் தள்ளினார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது. முதல் குழு முடிந்து மணியம் அண்ணன் வந்ததும் அவரை மொழிபெயர்க்க வைத்தார்கள். நேர்காணலுக்கு வந்தவள் தர்ஷினி, ஆனால் அன்று அதிகாரி முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னது நான்.

தாளைப் படித்தீர்களா? பாதி படித்தேன். அந்தப் பெண்ணிடம் பேசினீர்களா? இல்லை. ஏன் பேஷண்ட் என்று ஒப்புக்கொண்டீர்கள்? லைசென்ஸ், வண்டி, என் மனைவியின் அழகுக்கலைப் பரீட்சை எல்லாம் சொன்னேன். நான் சொன்னது நாலு வரி. மணியம் அண்ணன் மலாயில் ஐந்து நிமிடம் சொன்னார், நடுவில் ஸ்டீயரிங் பிடிப்பது போலவும் பவுடர் பூசுவது போலவும் நடித்துக் காட்டினார். அதிகாரி மேஜையில் நெற்றியை வைத்துச் சிரித்தார்.

“என்னண்ணே சொன்னீங்க?”

“உள்ளதத்தான் தம்பி. ஆளு ரொம்ப நேர்மை, ஆனா கொஞ்சம் பிளர்னு சொன்னேன்.” ஒன்றும் விளங்காமல் விழிப்பவரை அந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள்.

சிரித்து முடித்த அதிகாரி பிறகு சிரிக்கவில்லை. நடந்ததை எழுத்தில் வைக்க வேண்டும், குழு பார்த்து முடிவு செய்யும், அந்தப் பெண்ணின் நேர்காணல் செல்லுமா என்பதை இப்போது சொல்ல முடியாது, நாளைக்குள் தெரியும் என்றார். அடுத்த குழுவும் முடியும்வரை நான் இங்கேயே இருக்க வேண்டும், கைபேசியையும் கொடுத்துவிட வேண்டும். ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மணியம் அண்ணன் என் எழுத்தைப் பார்த்து, “அச்சடிச்சாப்புல இருக்கே லா!” என்றார். நாசி லெமாக்கை என்னால் பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

மூன்று மணி நேரம். அந்த அறையில் அம்பாங்கிலிருந்து வந்த ஒரு சீன ஆன்டி இருந்தார். யாராவது வராவிட்டால் நடிக்க வைத்திருக்கும் மாற்று ஆள். இடைவேளைகளில் மணியம் அண்ணன் வந்து, அவர் சொல்வதை எனக்குத் தமிழில் சொன்னார். “இந்த ஆன்டிக்கு இதுவரைக்கும் ரெண்டு தடவ புருஷன் செத்துட்டான், ஒரு தடவ கால் போயிடுச்சு. வீட்டுல அங்கிள் நல்லாதான் இருக்காரு.” ஆன்டி என் முகத்தைப் பார்த்து, அழுகையை எப்படி வரவழைப்பது என்று எனக்குக் காட்டித் தருவதாகச் சொன்னார். எனக்கு அது தானாகவே வரும் நிலையில் இருந்தேன். சிரித்தும்விட்டேன்.

வெளியே விட்டபோது மணி ஒன்று. கூடத்தில் தர்ஷினி என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மாமா! எங்க போனீங்க? கார்டுகிட்ட கேட்டாச்சு, டாய்லெட்லகூடத் தேடியாச்சு! அம்மா வீட்டுல அழுதுக்கிட்டு இருக்காங்க!”

பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. குழு பார்த்து முடிவு செய்யும் என்றதையும் சொன்னேன்.

“நிறுத்தி வச்சாங்களே, அது நீங்களா?”

“ஆமாம்மா.”

“ரெண்டு நிமிஷம்னு சொல்லி ஆறு நிமிஷம் நின்னோம். முதல் தடவ படிச்சப்ப எனக்கு ஒண்ணுமே புரியல மாமா. போன வருஷம் மாதிரியே. மணி அடிக்கல. திரும்பப் படிச்சேன். அப்பவும் அடிக்கல. மூணாவது தடவ படிச்சப்பதான் அது என்ன கேக்குதுன்னே தெரிஞ்சுது. உள்ள போயி நல்லா பேசினேன். அதுக்கப்புறம் எந்த ரூம்லயும் பயம் வரல.” நிறுத்தி, மூக்கை உறிஞ்சினாள். “இப்ப அது செல்லாதுன்னா?”

பிறகு அவளே, “ஐ கம்மிங் ஃப்ரம் கரூர்னு சொன்னீங்களா, நெஜமாவா?” என்று கேட்டு, அழுகையும் சிரிப்புமாகத் தலையை என் தோளில் மோதினாள். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அழக் கூடாது என்று என்னைக் கூட்டிவந்தவள் அவள்.

வீட்டில் நான்தான் சொன்னேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். “வாயே தொறக்க மாட்டேன்னுதானேடா உன்னக் கூப்பிட்டோம்! இருவது வருஷத்துல ஒரு தடவ தொறந்த, அதுவும் அங்க போயா?” மச்சான் லெட்சுமி ஆன்டியிடம், “நானா இருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல,” என்றார். ஆன்டி, “நீங்க சொல்லியிருந்தா இன்னும் மணியே அடிச்சிருக்காது,” என்றார். அந்தக் கவலையிலும் எல்லோரும் சிரித்தோம். அன்று மாலை கடல் நண்டுக் குழம்பு வைத்திருந்தாள் அக்கா. என் தட்டில்தான் பெரிய நண்டு விழுந்தது.

மறுநாள் மாலை நாலு மணிக்குக் கல்லூரியிலிருந்து தர்ஷினிக்கு மின்னஞ்சல் வந்தது. இடம் கிடைத்திருந்தது, அடுத்த மாதம் வகுப்பு. என்னைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.